இன்னும் கொஞ்சம் சொல்லு

ஒரு நாள் லீவு வேண்டும் என்று கேட்டேன். அங்கிருந்து தொடங்குவதுதான் நியாயம்.

தேர்வுக் காலத்தில் லீவு கேட்கவே கூடாது. வேலைக்குச் சேர்ந்த அன்றே தேர்வு மையத்தின் இயக்குநர் அதைச் சொல்லிவிட்டார். "கல்யாணம்னா சீசன் முடிஞ்சு வெச்சுக்கோங்க. சாவா இருந்தா மட்டும் வந்து சொல்லுங்க, அதுவும் நெருங்கின சாவா இருந்தா." சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். ஆறு வாரம், எழுநூறு பிள்ளைகள், ஆறு தேர்வாளர்கள். ஒரு நாளைக்கு நாலு பிள்ளைகள் வீதம் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே கேள்விகளைக் கேட்க வேண்டும். மூன்று வருடத்தில் நான் ஒரு நாள்கூட லீவு கேட்டதில்லை. இந்த வருடம் இரண்டாவது வாரம், செவ்வாய்க்கிழமை, போய்க் கேட்டேன்.

"உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கு சார். வியாழக்கிழமை ஒரு நாள் மட்டும் வேணும்."

"அன்னைக்கு உங்க ரூமுக்கு வர்ற நாலு பிள்ளைங்களையும் நான் என்ன மடியில வெச்சுக்கிட்டு உக்காரவா? போய் வேலையப் பாருங்கம்மா."

போய் வேலையைப் பார்த்தேன். லீவு கொடுத்திருந்தால் அந்த நாலு பிள்ளைகளும் பக்கத்து அறைக்குப் போயிருப்பார்கள். பக்கத்து அறையில் இருப்பவர் அடுத்த வருடம் ஓய்வு பெறப்போகிறவர். முட்டிவலிக்காரர், எல்லாவற்றிலும் நிதானம். பிள்ளைகளுக்கு பிஸ்கட் கொடுத்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார். கேட்க வேண்டியதைக் கேட்டிருப்பார். நடந்ததற்கு இயக்குநர் மட்டும்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அவர் பங்கும் இருக்கிறது என்கிறேன்.

இதையெல்லாம் உங்களிடம் சொல்வதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. உங்களுக்கு என் அக்காவைத் தெரியாது.

எங்கள் வேலை என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஊரில் உள்ள பள்ளிகளிலிருந்து கெட்டிக்காரப் பிள்ளைகள் என்று எட்டு வயதுப் பிள்ளைகளை அனுப்புவார்கள். ஒவ்வொரு பிள்ளையாக உள்ளே கூப்பிட்டு, எதிரில் உட்காரவைத்து, வாய்மொழியாகக் கேள்வி கேட்போம். எழுபது மார்க் எடுத்தால் மீத்திறன் வகுப்பு. தனிக் கட்டடம், தனி ஆசிரியர்கள், நாலாம் வகுப்பிலேயே ஆறாம் வகுப்புக் கணக்கு. அங்கே போனவர்கள் பிறகு நல்ல பள்ளி, நல்ல கல்லூரி என்று போய்க்கொண்டே இருப்பார்கள். மற்றவர்கள் படியேறுகிற இடத்தில் இவர்களுக்கு லிஃப்ட். அதன் கதவு எட்டு வயதில் ஒரே ஒரு தடவை திறக்கும். ஒன்பது வயதானால் தேர்வுக்கு வர முடியாது. அது விதி.

கேள்விகள் சுலபமாகத்தான் இருக்கும். ஆறும் சாலையும் எந்த விதத்தில் ஒன்று? பிள்ளை "ரெண்டும் நீளமா இருக்கும்" என்று சொன்னால் ஒரு மார்க். "ரெண்டும் ஒரு எடத்துலேர்ந்து இன்னொரு எடத்துக்குக் கொண்டுபோகும்" என்றால் இரண்டு. முதல் பதில் பாதிப் பதில். பாதிப் பதில் வந்தால் தேர்வாளர் ஒரே ஒரு வாக்கியம் சொல்லலாம் என்று கையேட்டில் இருக்கிறது. "இன்னும் கொஞ்சம் சொல்லு." அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்கக் கூடாது, குரலில் ஏற்ற இறக்கம் கூடாது, தலையாட்டக் கூடாது. கேட்டுவிட்டு விடைத்தாளின் ஓரத்தில் சின்ன வட்டம் போட்டு உள்ளே "கே" என்று எழுத வேண்டும். எப்போது கேட்பது என்பதைத் தேர்வாளர் முடிவு செய்துகொள்ளலாம். கையேட்டில் உள்ள சொல், "தேவைப்பட்டால்".

மூன்று வருடத்தில் நான் ஒரு மார்க்கைக்கூடத் திருத்தியதில்லை. வந்த பதிலை வந்தபடி எழுதினேன். கடிகாரத்தை ஒரு நொடி முன்னே பின்னே நிறுத்தியதில்லை. எந்தப் பிள்ளையையும் அதட்டியதில்லை. சில பிள்ளைகளிடம் "இன்னும் கொஞ்சம் சொல்லு" என்று சொல்லவில்லை. நான் செய்தது அவ்வளவுதான்.

யாரிடம் சொல்லவில்லை என்றால், விண்ணப்பத்தில் "பெற்றோர் கல்வி" என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் எட்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு என்று எழுதியிருந்தால் சொல்லவில்லை.

பட்டதாரி வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த வாக்கியமே தேவைப்படாது. அவர்களை நிறுத்துவதுதான் கஷ்டம். ஆறும் சாலையும் என்று கேட்டால் ஆறு இயற்கை, சாலை செயற்கை, போன லீவுக்கு நாங்க ஒரு ஆத்துக்குப் போனோம், எங்கப்பா சொல்வாரு என்று ஓடும். அந்த ஓட்டத்தில் எங்கேயாவது சரியான பதில் வந்து விழுந்துவிடும். ஒரு பிள்ளை என்னிடமே, "மிஸ், இந்தக் கேள்விய இதைவிடத் தெளிவா கேட்டிருக்கலாம்" என்றது. வீட்டில் அதன் வாயிலிருந்து விழுவதையெல்லாம் பொறுக்கி வைத்துக்கொள்கிறார்கள் என்று தெரிந்தது.

எங்கள் வீடு மாதிரி வீட்டில் வளர்கிற பிள்ளைகள் வேறு. கேட்டதற்குப் பதில் சொல்வார்கள். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வார்கள். பெரியவர்கள் ஒன்று கேட்டால் ஒன்று சொல்ல வேண்டும், ரெண்டாவது சொன்னால் எதிர்ப்பேச்சு. அப்படித்தான் எங்கள் எல்லோரையும் வளர்த்தார்கள். இரண்டு மார்க் பதில் உள்ளே இருக்கும். உதட்டுக்குப் பின்னால் அது நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். யாராவது "சொல்லு" என்று சொன்னால்தான் வெளியே வரும். அந்த வாக்கியத்தைக் கையேட்டில் சேர்த்தவர் யாரோ, இந்தப் பிள்ளைகளை நினைத்துத்தான் சேர்த்திருக்க வேண்டும்.

நானும் அந்த வகுப்பில் படித்தவள்தான். எட்டு வயதில் இதே கட்டடத்துக்கு வந்தேன். எங்கள் தெருவிலேயே முதல் ஆள். அப்போது அக்காவுக்குப் பதினாலு. இரண்டு வருடம் கழித்து அம்மா படுத்த படுக்கையானபோது அக்கா பத்தாம் வகுப்போடு நின்று ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்குப் போனாள். இன்னமும் அங்கேதான் இருக்கிறாள், விரிப்புகளை இஸ்திரி போடுகிறாள். முழங்கைக்குக் கீழே ஆவி பட்ட தழும்பு வரிவரியாக இருக்கும். பள்ளியை விட்டு நின்ற அன்று நான் அழுதேன். அவள் அழவில்லை. "எதுக்குடி அழுவுற? வீட்டுக்கு ஒருத்தி படிச்சா போதும்" என்றாள்.

அந்த வகுப்பைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். நன்றாக இருந்தது. நுண்ணோக்கி இருந்தது. பேசப் பழகினேன். வீட்டுக்கு வந்து அதே மாதிரி பேசினால் அம்மா, "என்னடி, வாய் நீளுது" என்பாள். அங்கே பேசாவிட்டால் தப்பு, இங்கே பேசினால் தப்பு. ஒன்பது வயதிலிருந்து ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஆளை மாற்றிக்கொண்டேன். பட்டம் வாங்கினேன். பட்டமளிப்பு அன்று அக்கா ஷிஃப்டு மாற்றிக்கொண்டு வந்தாள். என் கூடப் படித்தவளின் அம்மாவிடம் அவளை அறிமுகம் செய்தபோது, "நீங்க என்ன பண்றீங்க?" என்று அவர் கேட்க, அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "சும்மாதாங்க இருக்கேன்" என்றாள். அத்தனை வருடம் நின்றுகொண்டே வேலை செய்தவள்.

பட்டம் வாங்கி நான் போய்ச் சேர்ந்த இடம் இந்த அறை. ஒரு மேசை, உயரம் குறைந்த நாற்காலி ஒன்று, ஸ்டாப்வாட்ச் ஒன்று, ஜன்னலுக்கு வெளியே ஏசி பெட்டியின் பின்பக்கம். மேலே ஏறினால் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் இதைக் காட்டலாம். காலையில் எழும்போதே அலுப்பாக இருக்கும். முப்பது வயதுகூட ஆகவில்லை எனக்கு.

சேர்ந்த முதல் வருடம் பழைய விடைத்தாள்களை இரும்பு அலமாரிக்கு மாற்றுகிற வேலையை எனக்குக் கொடுத்தார்கள். பழைய தாள்களைப் பிரித்துப் பார்க்கக் கூடாது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். நான் தேர்வுக்கு வந்த வருடத்தின் கட்டு வந்ததும் பிரித்தேன். என் தாள் இருந்தது. எழுபத்திரண்டு மார்க். ஓரத்தில் ஒன்பது வட்டங்கள், ஒன்பது "கே". அந்தப் பெண்மணியின் முகம்கூட எனக்கு நினைவில்லை. ஒன்பது தடவை என்னிடம் "இன்னும் கொஞ்சம் சொல்லு" என்று சொல்லியிருக்கிறார். அதில் ஏழு இடத்தில் நான் சொல்லியிருக்கிறேன். அந்த ஏழைக் கழித்தால் அறுபத்தைந்து.

தாளைத் திரும்பக் கட்டில் வைத்துவிட்டேன். மூளை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது யாரோ ஒருத்திக்கு அன்றைக்கு இருந்த பொறுமை.

ஒரு வாரம் கழித்து முதல் தடவை நடந்தது. திட்டமெல்லாம் போடவில்லை. நாளின் நாலாவது பிள்ளை. அப்பா தண்ணீர் லாரி ஓட்டுநர், அம்மா வீட்டு வேலை. ஒல்லியான பெண், சட்டையின் மேல் பொத்தான் வேறு நிறம். பாதிப் பதில் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை, அவ்வளவு அலுப்பு. அடுத்த கேள்விக்குப் போனேன். இன்னொரு பாதிப் பதில். அதற்கும் கேட்கவில்லை. அறுபத்தெட்டில் நின்றாள். போகும்போது, "தேங்க்ஸ் மிஸ்" என்றாள்.

எனக்கு வருத்தம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பஸ்ஸில் வரும்போது இப்படித் தோன்றியது: அவளுக்கு ஒரு அக்காவோ தங்கையோ இருந்தால் அவர்கள் பிழைத்தார்கள். ஒரு வீட்டிலிருந்து ஒரு பிள்ளையை மட்டும் தூக்கி மேலே வைக்க வேண்டுமென்றால் மற்றவர்கள் கீழே நின்று தாங்க வேண்டும். தாங்கித் தாங்கிக் கைகளில் தழும்பு விழும். தூக்கி வைத்த பிள்ளையும் உருப்படாது, இரண்டு பக்கமும் ஒட்டாமல் திரியும். அந்தப் பெண்ணை அதிலிருந்து காப்பாற்றியிருக்கிறேன். யோசிக்க யோசிக்க இது சரியாகத்தான் பட்டது. செய்தது முதலில், காரணம் பிறகு, அதை மறுக்கவில்லை. பிறகு வந்தாலும் காரணம் காரணம்தான்.

அதன் பிறகு அது பழக்கமாகிவிட்டது. விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை முதலில் பார்ப்பேன். எழுபதுக்கு ஐந்து மார்க்குக்குள் குறைந்து நின்றவர்களை மட்டும் கணக்கில் எடுத்தால் முதல் இரண்டு வருடத்தில் இருபத்து மூன்று பேர். இந்த வருடம் பதினாலு. முப்பத்தேழு பிள்ளைகள். முந்தைய இருபத்து மூன்று பேருக்கும் ஒன்பது வயது தாண்டிவிட்டது.

பதினாலில் ஒருத்தி என் அக்கா மகள்.

வீட்டில் அவளுக்குக் குண்டூசி என்று பெயர். ஆள் அவ்வளவுதான் இருப்பாள், பேச்சு குத்தும். நானும் அக்கா வீட்டில்தான் இருக்கிறேன், இரண்டு அறை. மாமாவுக்குத் தொலைதூர லாரி, மாதத்தில் நாலு நாள் வந்தால் அதிகம். அதனால் குண்டூசி என்னோடு வளர்ந்தவள் என்றே சொல்லலாம். சாப்பிடும்போது, குளிக்கும்போது, நான் துணி மடிக்கும்போது, வாய் ஓயாது. "சித்தி, தூசி எங்கேர்ந்து வருதுன்னு கேட்டா எல்லாரும் வெளியிலேர்ந்துங்கறாங்க. வெளிய இருக்கறவங்களுக்கு எங்கேர்ந்து வருது?" பள்ளியிலிருந்து அவள் பெயரைத் தேர்வுக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று கடிதம் வந்தபோது அக்கா அதைச் சலவைக்கூடத்துக்கு எடுத்துப்போய் எல்லோருக்கும் காட்டிவிட்டு வந்தாள். விரிப்பு மடிக்கிற மாதிரி அதை மடித்து வைத்திருந்தாள்.

"நீ அங்க இருக்கேன்னு நான் யார்கிட்டயும் சொல்லலடி. நீயும் சொல்லாத. அவளா ஏறட்டும்."

"நான் என்ன சொல்லப் போறேன்."

"ஏறிடுவாளா?"

"ஏறலாம்."

"மேடம் வாயிலேர்ந்து ஒரு நல்ல வார்த்தை வருதா பாரு. ஏறலாமாம்."

வியாழக்கிழமை இரண்டாவது பிள்ளையாக வந்தாள். பதிவுக்கருவியைப் போடுவதற்கு முன்னால், "இங்க நான் சித்தி இல்ல, தேர்வாளர். சரியா?" என்றேன். "சரி சித்தி" என்றாள். பிறகு கருவியைப் போட்டேன். இந்த வருடம்தான் அந்தக் கருவிகளை வைத்திருந்தார்கள், புதிதாகச் சேர்பவர்களுக்குப் பயிற்சி கொடுக்க.

கைகளை மடியில் கோத்துக்கொண்டு, நான் பார்த்தே இராத ஒரு அடக்கத்தோடு உட்கார்ந்திருந்தாள். வீட்டில் அத்தனை பேசுகிறவள் இங்கே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு உதட்டை மூடிக்கொண்டாள். பாலமும் கடிதமும் எந்த விதத்தில் ஒன்று என்று கேட்டேன்.

"ரெண்டும் அந்தப் பக்கம் போகும்."

பாதிப் பதில். அவள் என்னைப் பார்த்தாள். உதட்டுக்குப் பின்னால் இன்னொன்று நின்றது. எனக்கு அந்த முகம் எட்டு வருடமாகத் தெரியும். ஐந்து நொடி கொடுக்க வேண்டும் என்பது விதி. ஐந்து நொடி கொடுத்தேன். ஒன்று என்று எழுதினேன். அடுத்த கேள்விக்குப் போனேன். அப்படி ஆறு இடம். அறுபத்தேழு.

முடிவு வந்த அன்று அக்கா அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். நான் சமையலறை வாசலில் நின்றேன். கத்துவாள் என்று நினைத்தேன்.

"உன் கையாலயே வரலன்னா, அவளுக்கு அவ்ளோதான்டி" என்றாள். "வேற யாராவதா இருந்தா ஏதோ பண்ணிட்டாங்கன்னு நெனச்சிருப்பேன். இப்ப மனசு ஆறிடுச்சு."

குண்டூசி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தட்டைப் பார்த்தபடியே, "சித்தி, பாலமும் கடுதாசியும் கேட்டீங்கல்ல. ரெண்டு பக்கமும் ஆள் இருந்தாத்தான் ரெண்டும் வேணும். இல்லைன்னா சும்மா" என்றாள்.

கையேட்டில் அந்தப் பதில் இல்லை. மூன்று மார்க் என்று ஒன்று இருந்தால் கொடுக்கலாம்.

"சாப்பிடு" என்றேன்.

இன்று காலையில் விசாரணை. பதிவுகளில் ஐந்தை எடுத்துப் புதியவர்களுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். "இன்னும் கொஞ்சம் சொல்லு" என்று நான் கேட்ட பதிவுகளும் அதில் இருந்தன, கேட்காத பதிவுகளும் இருந்தன. யாரோ விண்ணப்பங்களை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். குண்டூசியின் பதிவு அந்த ஐந்தில் இல்லை. இயக்குநரும், தேர்வு வாரியத்திலிருந்து வந்த ஒரு வயதான அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் பேசினார்.

"உங்களுக்கு இந்தப் பிள்ளைங்க மேல என்ன கோபம்?"

"அவங்க மேல கோபம் இல்ல மேடம்."

"தெரியாம நடந்துச்சா?"

"தெரிஞ்சுதான்."

இயக்குநர் நெற்றியைத் தேய்த்தார். "வேலைப்பளு, கவனக்குறைவுன்னு போட்டுடலாம்மா. உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது."

"அப்படிப் போட்டா அந்தப் பிள்ளைங்களுக்கு?" என்று கேட்டேன்.

"கவனக்குறைவுக்கெல்லாம் மறுதேர்வு கிடையாது."

"அப்ப தெரிஞ்சு செஞ்சேன்னே எழுதிக்கோங்க" என்றேன். வாரிய அம்மா நிமிர்ந்து பார்த்தார். என்னை நல்லவள் என்று நினைத்துவிட்டாரோ என்னவோ. உண்மையில் எனக்கு முடிந்தால் போதும் என்றிருந்தது. அவர்களுடைய மரியாதைக்காக நான் செய்ததை மழுப்ப வேண்டும் என்றதில் கொஞ்சம் எரிச்சலும் இருந்தது. "ஒரு நாள் லீவு கேட்டேன், குடுத்திருக்கலாம்" என்று இயக்குநரிடம் சொன்னேன்.

"ஒரு நாள் லீவுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

பதில் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். வரவேற்பு மேசையில் ஒரு பச்சை நிற நோட்டு இருக்கிறது. தேர்வாளருக்கு உறவான பிள்ளை வந்தால் அதில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பிள்ளையை வேறு அறைக்கு மாற்றிவிடுவார்கள். லீவே தேவையில்லை. செவ்வாய்க்கிழமை அந்த நோட்டைத் தாண்டித்தான் இயக்குநர் அறைக்குப் போனேன். வியாழக்கிழமை காலையிலும் அதைத் தாண்டித்தான் போனேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அதே வியாழக்கிழமை காலை, அக்கா குண்டூசிக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள். நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன்.

"உள்ள போய் வாயாடக் கூடாது. தூசி, மண்ணாங்கட்டின்னு ஆரம்பிக்காத. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லணும். சொல்லிட்டு வாயை மூடிக்கணும். பெரியவங்க முன்னால அதிகம் பேசினா திமிர்னு நெனப்பாங்க. சித்திக்கு அம்மாச்சி அப்படித்தான் சொல்லி அனுப்புனாங்க. அதான் சித்தி பாஸானா." பிறகு சீப்பைப் பல்லில் கடித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினாள். "என்னடி, நான் சொல்றது சரிதானே?"

அம்மா அப்படித்தான் சொல்லி அனுப்பினாள். நானும் அப்படித்தான் உட்கார்ந்தேன், வாயை மூடிக்கொண்டு. ஒன்பது வட்டங்களைப் பற்றி அக்காவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அந்த அறையில் கேட்கப்போவது யார் என்பதும் எனக்குத் தெரியும். குண்டூசி கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள்.

"சரிதான்க்கா" என்றேன்.

இயக்குநர் ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார். "எல்லாப் பதிவையும் உக்காந்து கேக்க எங்ககிட்ட ஆள் இல்ல. இந்த வருஷத்துப் பிள்ளைங்க நம்பரை மட்டும் நீங்களே எழுதிக் குடுத்துடுங்க. அவங்களுக்கு வர்ற திங்கக்கிழமை மறுதேர்வு. பக்கத்து ரூம் மேடம் பாத்துக்குவாங்க."

"போன வருஷத்துப் பிள்ளைங்க?" என்று வாரிய அம்மா கேட்டார்.

"வயசு தாண்டிடுச்சு மேடம்" என்றேன். நான்தான் சொன்னேன்.

எழுதினேன். எண்கள் எனக்கு மனப்பாடம், விண்ணப்பங்களைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஒன்றின் கீழ் ஒன்றாகப் பதிமூன்று எண்கள். பேனாவை மூடினேன்.

இயக்குநர் எண்ணிப் பார்த்தார். "பதிமூணுதானே?"

"பதிமூணுதான் சார்."

பதினாலாவதை எழுதினால் உறவு வெளியே வரும். வெளியே வந்தால் அக்காவுக்குத் தெரியும். மனசு ஆறிடுச்சு என்று சொன்னவளை மறுபடி கிளறக் கூடாது. தன் மகளுக்கு அவ்வளவுதான் என்பதைத் தாங்கிக்கொண்டாள். தங்கை இப்படி என்பதைத் தாங்க மாட்டாள். பதிமூன்று வீட்டுக்கும் திங்கட்கிழமை பக்கத்து அறையில் ஒரு "இன்னும் கொஞ்சம் சொல்லு" கிடைக்கும். குண்டூசிக்கு வீட்டில் நான் இருக்கிறேன். வேலை போய்விட்டது, இனி மாலையெல்லாம் எனக்கு ஓய்வுதான். நானே சொல்லிக்கொடுப்பேன். இந்தக் கட்டடத்தில் கிடைப்பதைவிட நன்றாகவே சொல்லிக்கொடுப்பேன். இதை நான் விசாரணை அறைக்குள் நுழைவதற்கு முன்பே முடிவு செய்துவிட்டேன்.

கையெழுத்துப் போட்டேன். ஸ்டாப்வாட்சைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தேன். "பதினோரு மணிக்கு ஒரு பிள்ளை காத்திருக்கும்" என்றேன். எழுந்து வெளியே வந்தேன்.

வராந்தாவில் உயரம் குறைந்த நாற்காலிகளின் வரிசை. கடைசி நாற்காலியில் ஒரு பிள்ளை, முன்னால் குந்தி உட்கார்ந்தபடி ஒரு அம்மா. ஏதோ கடையின் சீருடை போட்டிருந்தார், பாதி ஷிஃப்டில் வந்திருக்க வேண்டும். பிள்ளையின் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே மெதுவான குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"உள்ள போய் ரொம்பப் பேசாத. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, என்ன?"

அந்தப் பிள்ளை தலையாட்டியது. நின்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் இப்போது நான் அங்கே வேலை செய்யவில்லை.

பச்சை நோட்டைத் தாண்டி, கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். வெயில் அடித்தது. கைப்பையில் போன் அடித்துக்கொண்டிருந்தது, அக்காவாகத்தான் இருக்கும், டீ இடைவேளை. எடுக்கவில்லை. நடந்தேன். நான் எதையும் புதிதாகச் செய்துவிடவில்லை. வீட்டுக்கு ஒருத்தி போதும் என்று அக்காதானே அன்றைக்குச் சொன்னாள்.